சேர்மனுக்கு மேலே ஒரு வரி

நான் பிறந்த ஊரில் ஒரு சேர்மன் இருந்தார், சேர்மனுக்கு ஒரு வெப்சைட் இருந்தது, வெப்சைட்டுக்குள் கொஞ்சம் விதிகள் இருந்தன, அந்த விதிகளில் யார் மேலே யார் கீழே என்று கிளம்பிய வம்பில் ஊருக்கு இருந்த ரோடு அத்தனையும் ஒரே வாசலில் போய் முட்டி நின்றது, இவ்வளவுதான் கதை. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நல்லா சிரியுங்கள். அந்த ஊரில் ஒரு ஜென்மம் சிரிக்கவில்லை, ஒரு ஜென்மம் அழவும் இல்லை, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஊர் பேர் பூவரசம்பேட்டை. சேர்மன் பேர் கொம்பையா. கோயில் கொடையில் முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்ட வேண்டும்; ஒரு வருஷம் பூசாரி கைமறதியாக வேறொருத்தர் தலையில் கட்டப்போய், போலீஸ் வந்து, சாமி பாதி வழியில் நின்று, படையல் சோறு புளித்துப்போனது. மேலே இருந்தால் மரியாதை, கீழே இருந்தால் அவமானம், அதற்குமேல் ஒரு எழவும் அந்த ஊருக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் பேர் கீழே வந்தால் மொய் எழுதாமல் திரும்பிப் போகிற கூட்டம் அது.

பேரூராட்சிக்கு வெப்சைட் செய்ய தவசீலன் என்கிற பையனைப் பிடித்தார்கள். பெங்களூரில் வேலை போய், ஊருக்கு வந்து, மாடியறையில் லேப்டாப்பும் கையுமாகக் கிடந்தவன். படித்தவன், ஆனால் முதுகெலும்பு மட்டும் வைக்க மறந்துபோன பிறவி. கூட்டத்தில் அவன் பாவம் பொறுமையாகத்தான் விளக்கினான். வெப்சைட்டில் ஒருத்தர் ஒரு முகவரி அடித்தால், அது எந்தப் பக்கத்துக்குப் போகணும் என்று விதிகள் சொல்லும். விதிகளை மேலேயிருந்து கீழே வரிசையாகப் பார்க்கும். எது முதலில் பொருந்துதோ அதோடு முடிந்தது, அதற்குக் கீழே இருப்பதை எட்டிக்கூடப் பார்க்காது. தெருவுக்கு ஒரு வரி. அதில் தெருப்பேர் வருகிற இடத்தை ஓட்டையாக விட்டிருக்கிறேன், எந்தத் தெருப்பேர் வந்தாலும் உள்ளே போகும். வீட்டு எண்ணுக்கு ஒரு ஓட்டை, அதில் எண் மட்டும்தான் நுழையும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கக்கூஸ், சுடுகாடு, எல்லாவற்றுக்கும் வரி இருக்கிறது. எதிலும் சேராமல் யாராவது என்னத்தையாவது அடித்துவிட்டால் சும்மா விடக்கூடாதே, அதற்குக் கடைசியில் ஒரு வரி: என்ன வந்தாலும் சேர்மன் வாழ்த்துரைப் பக்கம்.

கொம்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பேரைத் தேடினார். மேலேயிருந்து தேடினார், தேடிக்கொண்டே இறங்கினார், கக்கூஸைத் தாண்டினார், சுடுகாட்டைத் தாண்டினார், அதற்கும் கீழே அவர் பேர் இருந்தது.

"ஏல, சுடுகாட்டுக்குக் கீழயால என் பேரு?"

"அண்ணாச்சி, இது கடைசி வாசல்ல நிக்குத வாட்ச்மேன் மாதிரி. எதையும் விழுங்குத வரி கடைசிலதான் நிக்கணும். முன்னால போட்டா மத்த வரி எல்லாத்தையும் அதுவே முழுங்கிரும்."

"முழுங்கட்டும்ல. எவம்ல கேக்கப் போறான்?"

"அதானே," என்றார் துணைச் சேர்மன். "அதானே," என்றார்கள் கவுன்சிலர்கள் அத்தனை பேரும், வாயில் பஜ்ஜியோடு. தவசீலன் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான், குரல் பாதியில் இறங்கிப்போனது, அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு கடைசி வரியைத் தூக்கி முதலில் வைத்தான். கொம்பையா அதோடு விட்டாரா? தன் பேர் முதலில் இருப்பதை ஊர் பார்க்க வேண்டாமா? வீட்டு கேட்டுத் தூணில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, விதிகளை இரவும் பகலும் அதில் ஓடவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து ரோடுகள் அந்த விதிப்படி நடந்தன. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் தையல்காரி, ரோடு தைக்கிறவள் இல்லை. பால் வாங்கப் போனவள் சேர்மன் வாசலில் போய் நின்றாள். பள்ளிக்கூடம் போன வாத்தியார் அங்கே நின்றார். வடக்கே போனாலும் அங்கே, தெற்கே போனாலும் அங்கே, ஆத்துக்குக் குளிக்கப் போனவர் துண்டோடு அங்கே. வந்த வழியே திரும்பினால் புறப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேரலாம், அந்த மட்டுக்கும் ரோட்டுக்கு இரக்கம் இருந்தது. அதனால் வெளியூர் லாரிகள் சேர்மன் வாசலுக்கு வந்து சரக்கை இறக்கிவிட்டுத் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போயின. ஊர்க்காரர்களுக்கு மட்டும் வீடு, விட்டால் சேர்மன் வாசல், விட்டால் வீடு.

இப்படி ஒன்று நடந்தால் மனுஷன் என்ன செய்வான்? கத்துவான், கல்லெடுப்பான், அந்த டிவியையாவது உடைப்பான். எங்கள் ஊர்க்காரர்கள் டீக்கடை போட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே போட்டுவிட்டார்கள். மறுநாள் காய்கறி வந்தது, அதற்கு மறுநாள் மீன் வந்தது, ஆஸ்பத்திரி நர்ஸ் மேஜையைக் கொண்டுவந்து போட்டு பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் ஊசி போட்டார், வாத்தியார் சேர்மனின் மாட்டுக்கொட்டகையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார், மாடும் தலையாட்டியது. ஒரு கிழவர் செத்துப்போய் பாடை கட்டித் தூக்கினார்கள், கொட்டு முழங்க ஊர்வலம் போனார்கள், போய் இறங்கினால் சேர்மன் வாசல். ரெண்டு நிமிஷம் யோசித்தார்கள், எதிரே கிடந்த காலி மனையில் குழி வெட்டினார்கள், டீக்கடைக்காரர் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். கொடை வந்தபோது சப்பரம் நாலு வீதி சுற்றக் கிளம்பி நேரே சேர்மன் வாசலுக்கு வந்தது, கொம்பையா தலையைக் குனிந்து பரிவட்டம் வாங்கிக்கொண்டார், இந்த வருஷம் ஒரு சண்டையும் இல்லை என்று ஊர் சந்தோஷப்பட்டது. நானும் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கேதான் போய் உட்கார்ந்தேன். வேறெங்கே உட்கார? ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவள் எல்லாம் அங்கேதான் நிற்கிறாள்.

கொஞ்ச நாளில் ரோட்டைப் பற்றிப் பேச்சே நின்றுபோனது. வாசலில் யாருக்கு எந்த இடம் என்பதுதான் பேச்சு. கேட்டுக்கு நேர் எதிரே யார், வேப்பமர நிழல் யாருக்கு, சாக்கடை ஓரம் யாருக்கு. இடம் பிரிக்கக் கமிட்டி போட்டார்கள், கமிட்டியில் யார் பேர் மேலே என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வெளியூர் லாரிக்காரன் ஒருத்தன் வாய் பொறுக்காமல், "என்னய்யா ஊரே ஒரு வீட்டு வாசல்ல கெடக்கீங்க?" என்று கேட்டதற்கு, "எல்லா வசதியும் ஒரே இடத்துல இருக்கு, உங்க ஊர்ல இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்கள். த்தூ.

கொம்பையாவைக் கேட்கவே வேண்டாம். இத்தனை ஜனமும் தன்மேல் பிரியம் வைத்து வந்து நிற்கிறது என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினார். காலையில் மாடியில் வந்து நின்று கையசைத்தார், கீழே மீன் வாங்குகிறவர்கள் மீனோடு கையசைத்தார்கள்.

அவர் பெண்சாதி சண்முகக்கனி. ஊருக்கு அவள் சேர்மன் வீட்டம்மா, எனக்குக் கனியக்கா. கொம்பையா அடிக்கிற ஆள் இல்லை, அதை ஊர் பெருமையாகச் சொல்லும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை ஏய் என்றுதான் கூப்பிட்டார். ஏய் தண்ணி, ஏய் செருப்பு, ஏய் ஆள் வந்திருக்கு. வாழ்த்துரைப் பக்கத்தில் போட ரெண்டு பேரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள், படத்தைப் பார்த்துவிட்டு, "இவள வெட்டிருல, சமையக்காரி மாதிரி இருக்கா" என்றார் கொம்பையா. தவசீலன் வெட்டினான். அதையாவது ஒழுங்காக வெட்டினானா? சேர்மன் தோளோரத்தில் அவள் காதும் கம்மலும் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது. ஊரே பார்த்தது. இது யார் காது என்று ஒருத்தர் கேட்கவில்லை.

கனியக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கையில் தைக்க எதுவும் இல்லை.

"சமையக்காரி மாதிரி இருக்கேனாம்ட்டி ரோஸ்லின். சரி, சமையக்காரிதான். மதிச்சுக் கூப்புடுத இடத்துல போயி சமைக்கேன்."

நாகர்கோவிலில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற ஒரு விடுதி, அதை நடத்துகிறவள் கனியக்காவோடு பள்ளிக்கூடத்தில் படித்த பியூலா. அடுக்களையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தங்க அறை உண்டு, அறைக்குச் சாவி உண்டு. ஆவணி பிறக்கும் முன்னால் வந்து சேர்ந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள். சாவி என்று சொல்லும்போது அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு நாள் காலையில் கட்டைப்பையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். தோட்டத்தைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மேட்டில் ஏறினால் முன்வாசல். மொத்த ஊரும் டீ குடித்துக்கொண்டு நின்றது.

"என்ன மைனி, பையோட? கோயிலுக்கா?"

அவள் பையோடு உள்ளே போனாள். மறுநாள் தெற்கே போனாள், வந்தாள். வெங்காய லாரியில் ஏறி மூட்டைமேல் உட்கார்ந்தாள். லாரி ஊரைத் தாண்டிப் போய்விட்டது, அவள் மட்டும் பையோடு கேட்டு முன்னால் நின்றாள், சேலையெல்லாம் வெங்காயச் சருகு. அதற்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த ஊர் என்ன செய்தது? அவள் எந்தப் பக்கமிருந்து வரப்போகிறாள் என்று டீ கிளாஸோடு திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"பொம்பளைக்கு எது வாசல்னு ரோட்டுக்கே தெரிஞ்சிருக்கு பாத்தியளா," என்றார் துணைச் சேர்மன். எல்லாரும் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள், பெண்களும்தான். கத்திரிக்கோல் என் கையில் இருந்தது. என்ன செய்ய, மாதாவை நினைத்துக் கீழே வைத்தேன். கொம்பையாவுக்கு அவள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. கூப்பிட்டால் தண்ணி வந்தது, அவருக்கு அது போதும்.

ஆடி கடைசிக்கு வந்துவிட்டது. அந்த ஊரில் ஒரே ஒரு சவுகரியம், யாரையும் தேடிப் போக வேண்டாம், எல்லாரும் அங்கேயே வந்து விழுவார்கள். தவசீலன் பால் வாங்க வந்தபோது சட்டையைப் பிடித்து மிஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கனியக்கா கொத்தமல்லிக் கட்டோடு வந்து நின்றாள்.

"ஏல, அந்த வரிக்கு மேல ஒரு வரி எழுத முடியுமா முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும்க்கா. மொதல்ல பொருந்துத வரிதான ஜெயிக்கும். கனியக்காவுக்குன்னு மேல ஒரு வரி போட்டா, ரோடு அத மொதல்ல பாக்கும், அக்காவ விட்டுரும். ஆனா டிவில தெரிஞ்சிரும். சேர்மன் பாத்தாவன்னா என் தோல உரிச்சிருவாவ."

"போட்டோல அக்காவ வெட்டும்போது உன் தோலு நல்லா இருந்துச்சோ?"

அவன் தலையைக் குனிந்தான். குனிந்த தலையோடு, விடுதி முகவரி சொல்லுங்க, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழி திறக்கிற மாதிரி எழுதுகிறேன் என்றான். கனியக்கா வேண்டாம் என்றாள்.

"முகவரிய எழுதினா ஊரே படிக்கும். அவரும் படிப்பாரு. கனின்னு போடு. எங்கங்கிறத ஓட்டையா விட்டுரு. அவருக்கு விட்டிருக்கியே, என்ன வந்தாலும் உள்ள போகுத ஓட்டை, அதே மாதிரி. கனி எங்க போனாலும் போகட்டும்."

"அது ரொம்ப அகலமான விதிக்கா."

"இருக்கட்டும். இத்தன வருசம் ஒடுக்கத்துல இருந்தாச்சு."

மறுநாள் நட்ட நடு மத்தியானம், சேர்மன் வாசலில் போட்டிருந்த பந்தலடியில் சந்தை நெரிந்துகொண்டிருந்தபோது, தூணில் இருந்த டிவியில் எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்கியது. முதல் வரியாக கனி வந்து நின்றாள். மீன் வெட்டுகிறவர் கை நின்றது. ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏசுவே, நடந்து போயிரட்டும், நடந்து போயிரட்டும்.

"அண்ணாச்சி!" துணைச் சேர்மன் அலறினார். "ஓடியாரும் அண்ணாச்சி! உமக்கு மேல ஒரு வரி!"

கொம்பையா பனியனோடு, சோற்றுக் கையோடு ஓடிவந்தார். ஊரே டிவிக்குக் கீழே முண்டியடித்தது. கனியக்கா கட்டைப்பையோடு வாசல்படி இறங்கி வந்தாள். கேட்டு வாசலில் புருஷனும் பெண்சாதியும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்ளாத குறை. அவர் தள்ளி நின்று வழிவிட்டார், விட்டதுகூட அவருக்குத் தெரியாது, கண் டிவியில் இருந்தது. யார் அந்தக் கனி என்றுகூட அவர் கேட்கவில்லை. எனக்கு மேலேயா, எனக்கு மேலேயா என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். அவள் பந்தலைத் தாண்டினாள், காலி மனையில் புதைத்த கிழவரைத் தாண்டினாள், வளைவில் திரும்பினாள். நான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எல்லாத் திசையும் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்தும் அவள் வரவில்லை.

தவசீலனை மாடியிலிருந்து இழுத்துவந்து திட்டி, வரியை அழிக்கவைத்து, சேர்மன் பேர் மறுபடி முதலில் வந்ததும் ஊர் கைதட்டியது. சரவெடி போட்டார்கள். கொம்பையா உள்ளே போய்ப் பாதியில் விட்ட சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஏய், மோரு" என்றார். இன்னொரு தடவை சொன்னார். வெடிச் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று சத்தமாகச் சொன்னார். அப்புறம் எழுந்து வீடு முழுக்கத் தேடினார், வெளியே வந்து எங்கள் எல்லாரையும் பார்த்தார், நாங்கள் டீ கிளாஸைப் பார்த்தோம்.

பிறகு காரை எடுத்தார். ஆரன் அடித்துக்கொண்டு கிழக்கே போனார், மேற்கேயிருந்து தன் வாசலுக்கு வந்தார். திருச்செந்தூர் ரோட்டில் விட்டார், தன் வாசலுக்கு வந்தார். அவருக்கும் அதே ரோடுதானே, அவரே கேட்டு வாங்கிய முதல் வரிதானே. ஆனாலும் அதை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. பெண்சாதியா முதல் இடமா என்றால் அந்த மனுஷனுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் ராத்திரியெல்லாம் யோசித்தார், காலையில் காரை எடுத்தார். கனியக்கா ஆவணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டதாக போன் வந்தது. ரோடுதான் கெட்டது, போன் நல்லாத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் பந்தல் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு நாள் தவசீலன் முகமெல்லாம் பல்லாக வந்தான். அவனுக்கு பெங்களூரில் மறுபடி வேலை கிடைத்துவிட்டது. வேலை கிடைத்ததும் வீரமும் கிடைத்துவிட்டது.

"யக்கா, இன்னைக்கு சாயங்காலம் அந்தச் சேர்மன் வரிய அடியோட அழிச்சிருதேன். ரோடு பூரா தொறந்துரும். ஊருக்கே விடுதலை. கனியக்காட்ட சொல்லுங்க, சந்தோசப்படுவாவ."

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, உடனே போன் போட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம், யாரோ கனிம்மா கனிம்மா என்று கூப்பிடுகிறார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"அழிக்க வேண்டாம்னு சொல்லு."

"என்னக்கா சொல்லுதிய?"

"அழிச்சா ஊர விட்டு வெளிய வார மொத வண்டி அவரு வண்டியாத்தான் இருக்கும். நான் இப்பதான் ராத்திரி தூங்குதேன்ட்டி."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நாங்க? உங்க ஒருத்திக்காக ஊரே சேர்மன் வாசல்ல கெடந்து சாகணுமா?"

"எனக்கு ஒரு வரி எழுதினான்லா. எழுதலாம்னு ஊரே பாத்துச்சுல்லா. அதுக்குப் பெறகு எனக்கும் ஒரு வரி எழுதுன்னு எத்தன பேரு வந்து கேட்டாவன்னு அவன்ட்ட கேளு."

கேட்டேன். தவசீலன் மழையில் நனைகிற கூட்டத்தைப் பார்த்தான். வேப்பமரத்தடி இடத்துக்கு ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மற்றவர்கள் டீ கிளாஸோடு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒருத்தரும் கேக்கலக்கா," என்றான். "நெழல்ல எடம் வாங்கிக் குடுன்னுதான் கேட்டாவ."

போனில் அதைச் சொன்னேன். கனியக்கா சிரிக்கவில்லை, ஏளனமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீ கேட்டியாட்டி?"

என் கால் மிஷின் பெடலில் இருந்தது, மிஷினில் துணைச் சேர்மன் பெண்சாதியின் ஜாக்கெட் இருந்தது, கை பாதி ஏற்றியபடி. இவ்வளவு நாளும் ஒவ்வொருத்தரையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், நிழலுள்ள இடத்தில், கேட்டுக்கு நேர் எதிரே. போனை வைத்தேன். ஜாக்கெட்டை உருவிக் கீழே போட்டேன்.

"ஏல தவசீலா, அந்த வரியத் தொடாத," என்றேன். "அதுக்கு மேல என் பேரை எழுது."